நீர்க்குறி

திருச்சுழி வானம் பார்த்த பூமி. குண்டாறு ஊரை ஒட்டிச் சென்றாலும் ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும். கண்மாய்தான் எம் மக்களின் உயிர்நாடி. மடையருகே நிற்கும் கல்லில் நீர் விட்டுச்சென்ற கோட்டைப் பார்த்தே, இவ்வாண்டு விளைச்சல் எவ்வளவு தாங்கும் என்று பெரியவர்கள் கணித்துவிடுவார்கள். நீர்க்குறி என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கல்தான்.

அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பணத்தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் காந்தியடிகளின் உருவமும் நீர்க்குறியே. இத்தாலி நாட்டு ஃபாப்ரியானோ நகரத்தார் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இக்கலையில் தேர்ந்திருந்தனர். கூழை வடிகட்டும் சல்லடையின்மேல் கம்பியால் ஓர் உருவத்தைப் பின்னி வைப்பார்கள். அவ்விடத்தில் கூழ் மெலிந்து படிய, தாளில் ஒளி ஊடுருவும் குறி பதியும். இன்னார் செய்த தாள் இது என்று உலகுக்கு அறிவிக்க அது உதவிற்று.

இப்பழைய உத்தி கணினித் திரைக்கும் வந்துவிட்டதை நாம் அறிந்தது ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறையில். எம் தமக்கையின் மகன் சென்னையில் மருத்துவமனைக் கணக்குகளைக் கையாளும் நிறுவனமொன்றில் பணிபுரிகிறான். பெருநாளுக்கு ஊர் வந்தவன் திண்ணையில் அமர்ந்து மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். திரை முழுவதும் மங்கிய எழுத்துகள் சாய்வாகப் படர்ந்திருந்தன. திரை பழுதாகிவிட்டதோ என்று கேட்டோம்.

“பழுதில்லை மாமா. அது என் பெயர். யாருடைய விவரத்தை நான் திறந்தாலும் அதன்மேல் என் பெயரும் நேரமும் தெரியும்” என்றான். நாம் இன்னும் சற்றுக் குனியவே, “இதற்குமேல் நீங்கள் பார்க்கக்கூடாது மாமா” என்று சிரித்தபடி மூடிவிட்டான். நமக்குச் சற்றே முகம் சுருங்கியது உண்மை. பிறகு யோசிக்கையில் அவன் செய்ததே சரி எனப்பட்டது.

அதன் செயல்முறையை அன்றிரவு அவனே விளக்கினான். கடவுச்சொல்லும் பூட்டும் அயலாரைத் தடுக்கும். உள்ளே வர உரிமை பெற்றவர், திரையைத் தம் கைப்பேசியால் படமெடுத்தால் அதை எந்தப் பூட்டும் தடுக்காது. ஆகவே இணைய உலாவி, பக்கத்தின்மேல் கண்ணாடி போன்ற ஓர் அடுக்கை விரிக்கிறது. பார்ப்பவரின் பெயர், மின்னஞ்சல், நாள், நேரம் ஆகியன அதில் மீண்டும் மீண்டும் எழுதப்படுகின்றன. ஒரு மூலையை வெட்டி எறிந்தாலும் மறுமூலையில் பெயர் நிற்கும். படிப்பதற்கு இடையூறு நேராதபடி எழுத்து மங்கலாக இருக்கும். கூகுள் நிறுவனத்தின் குரோம் உலாவி, நிறுவனங்களுக்கான கட்டணப் பதிப்பில் இவ்வசதியைத் தருகிறது.

குறையும் உண்டு. வலைப்பக்கத்தின் ஓர் உறுப்பாக மட்டும் அக்குறி எழுதப்பட்டிருந்தால், நுட்பம் தெரிந்தவர் அதை அழித்துவிடலாம். உலாவியே நிறுவனத்தின் ஆணைப்படி எழுதுவது அதனினும் உறுதியானது. ஆயினும் திரையைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்பவனை எக்குறியும் பிடிக்காது. நீர்க்குறி பூட்டன்று, அது சாட்சி. 2024ஆம் ஆண்டு நீட் வினாத்தாள் கசிவு வழக்கில், பாட்னாவில் பாதி எரிந்து கிடைத்த தாளின் வரிசை எண்ணே, அது ஜார்கண்ட் மாநிலம் ஹசாரிபாகின் தேர்வு மையத்துக்கு உரியது என்று காட்டிக்கொடுத்தது. நெருப்பும் அந்தச் சாட்சியை முழுதும் அழிக்கவில்லை.

அவன் பேசப்பேச நம் நெஞ்சில் வேறொரு முகம் நிழலாடியது. எம் மாணவன் ஒருவன். கருவேல மரக் கரிமூட்டம் போடும் தொழிலாளியின் மகன். அவன் வாங்காத கைப்பேசி எண் ஒன்று அவன் பெயரில் இருந்தது. அவ்வெண்ணிலிருந்து யாரோ யாரையோ ஏமாற்ற, விசாரணைக்கு அவன் அழைக்கப்பட்டான். குற்றமற்றவன் என்று தெளிய ஒரு பருவத் தேர்வு கைநழுவிப் போயிற்று. “ஆதார் நகலை யாரிடமெல்லாம் கொடுத்தாய்?” என்று கேட்டோம். “கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன் ஐயா” என்றான். எல்லா நகலும் ஒன்றுபோலவே இருந்தன. கசிந்தது எந்தக் கையிலிருந்து என்று சொல்ல அவற்றில் ஒரு குறியும் இல்லை.

அன்று பிறரைச் சினந்துகொண்டே துறைக்குத் திரும்பி எம் அலமாரியைத் திறந்தோம். உதவித்தொகைக்காகப் பல ஆண்டுகளாகப் பெற்ற நகல்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. சிலவற்றின் பின்புறத்தில் நாமே வருகைக் கணக்கும் வினாத்தாள் வரைவும் எழுதியிருந்தோம். அவற்றுள் எத்தனை குப்பைக்குப் போயின, எத்தனை கடைத்தெருவில் பொட்டலமாயின என்பதற்கு நம்மிடம் விடையில்லை.

எம் அத்தா திருச்சுழிக் கடைவீதியில் சிறு கடை வைத்திருந்தார். பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடி வெளியூர் செல்வோர் நிலப்பத்திரங்களை அவரிடம் ஒப்படைப்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் சுற்றி, கொடுத்தவர் பெயரையும் தம் பெயரையும் சீட்டில் எழுதிக் கட்டுவார். “அமானிதம் அல்லவா! நான் மவுத்தாகிவிட்டால் யாருடையது, யாரிடம் இருந்தது என்று தெரிய வேண்டாமா?” என்பார். மருமகனின் திரையில் ஓடிய எழுத்துகளும் அந்தச் சீட்டும் நமக்கு ஒன்றாகவே தோன்றின.

2017 ஆகஸ்டு 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்சநீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுகளைக் காக்கத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். நம் கையளவில் செய்யத்தக்கன சில உண்டு. மாணவச் செல்வங்களே, ஆதார் நகலைக் கொடுக்க நேர்ந்தால், யாருக்கு, எதற்கு, எந்நாளில் என்பதை நகலின் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுங்கள். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார்ப் படிவத்தை ஆணையத்தின் இணையதளத்திலிருந்தே பெறலாம். அது போதுமான இடத்தில் அதையே கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை கைப்பேசி எண்கள் உள்ளன என்பதை நடுவண் அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடமையுண்டு. எம் அலமாரியிலிருந்த பழைய நகல்களைக் கிழித்து எரித்துவிட்டோம். இப்போது பெறும் ஒவ்வொரு நகலின்மேலும் நோக்கத்தையும் நாளையும் எழுதி, பெற்றுக்கொண்டவர் என்று எம் பெயரையும் எழுதுகிறோம். முதல்முறை எழுதியபோது பேனா சற்றுத் தயங்கியது. நாளை அந்தத் தாள் தெருவில் கிடந்தால், அதை எடுப்பவர் முதலில் படிப்பது எம் பெயரைத்தான். அத்தயக்கம் நல்லதென்றே எண்ணுகிறோம்.