12 கிலோ 700 கிராம்

வரைபடத்தின்படி, நாங்கள் பவுண்டரியிலிருந்து வாங்கும் பம்ப் உறையின் எடை 12 கிலோ. எங்கள் தராசில் 12 கிலோ 700 கிராம் காட்டியது. வார்ப்புக்குக் கிலோ கணக்கில் விலை பேசுவது கோவையில் பழகிப்போன முறை. ஆகவே அந்த 700 கிராமுக்கும் காசு போய்க்கொண்டிருந்தது. பவுண்டரிக்காரர் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டிக்கொண்டுதான் ஸ்டாப்வாட்சும் நோட்டுமாகக் கணபதிப் பக்கம் போனேன். ஒரு பொருளின் அடக்கவிலை எவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போடுவது என் வேலை. என்னைக் கண்டால் சப்ளையர்களுக்கு டீ கொடுக்கக்கூட மனம் வராது. இவர் கொடுத்தார்.

முதலில் பர்னஸ் கணக்கு. 12 கிலோ உறைக்குச் சுமார் 18 கிலோ இரும்பு உருக வேண்டும். மீதி 6 கிலோ, இரும்பு ஓடிவரும் ரன்னரிலும் சுருக்கத்தை நிரப்பும் ரைசரிலும் உறைந்து, உடைபட்டு, மறுபடி பர்னஸுக்கே போகும். இரும்பு திரும்பி வரும், கரண்ட் வராது. ஒரு டன் உருக்க 600 யூனிட் என்று வைத்தால், ஓர் உறைக்கு 11 யூனிட்டை ஒட்டி வருகிறது. பீக் அவர் மின்கட்டணத்துக்குப் பயந்து, பவுண்டரிக்காரர் அந்த நேரத்தைத் தவிர்த்தே ஊற்றுகிறார். இதில் எங்கும் திருட்டு இல்லை.

அடுத்து, மண் குத்தி அச்சு செய்யும் இடத்துக்குப் போனேன். இரண்டு பேர், ஒரே பேட்டர்ன். பெரியவர் ரேமரை ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவந்து, அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்கினார். ஒரு பெட்டிக்கு ஆறு நிமிடம். ஒடிசாவிலிருந்து வந்த பையன் நாலே நிமிடத்தில் முடித்தான். என் தாளில் அவன்தான் கெட்டிக்காரன்.

"ஏனுங்ணா, இவ்வளவு நேரம்?" என்றேன்.

"மண்ணு பொலபொலன்னு இருந்தா இரும்பு தள்ளிருங்க சார். உள்ள வவுறு பெருத்துரும்."

இரும்பு ஊற்றி ஆறியபின், இருவரின் அச்சிலும் வந்த உறைகளைத் தனித்தனியாக எடை போடச் சொன்னேன். பெரியவருடையது 12 கிலோ 100 கிராம். பையனுடையது 12 கிலோ 700 கிராம். வாட்சை நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டேன். தளர்ந்த மண்ணில் பெருத்த இரும்புக்கு நாங்கள் விலை கொடுக்கிறோம். பிறகு லேத்தில் அதையே கூடுதலாகக் கடையக் கூலி கொடுக்கிறோம். விழுந்த சுருளைப் பழைய இரும்பு விலைக்கு விற்கிறோம். வேகமான அந்த நாலு நிமிடத்தின் முழுச் செலவும் எங்கள் தலையில்தான்.

குற்றம் பையனுடையதும் இல்லை. கிலோவுக்கு விலை என்று ஒப்பந்தம் எழுதியது எங்கள் அலுவலகம். அதன்படி பார்த்தால் நன்றாக மண் குத்துகிற ஆள்தான் பவுண்டரி முதலாளிக்கு நட்டம். உறை ஒன்றுக்கு இவ்வளவு என்று விலையை மாற்றலாமா என்று பவுண்டரிக்காரரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்துங்க. ஆனா ஆறு நிமிசத்துக்குக் கூலி போட்டு மாத்துங்க."

நோட்டில் நாலு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன்.