இதயத்தின் எதிரொலி

"சேர், சாப்பாடு விழுங்கேக்கை எங்கையாவது தடக்குதோ? கட்டுப்பல் ஏதும் இருக்கோ?"

சென்ற ஆண்டு, சத்திரசிகிச்சைக்கு முந்திய மாலை எம் கட்டிலருகே நின்று இங்ஙனம் வினவியவர் இக்கல்லூரியின் பழைய மாணவர். இப்பொழுது மயக்கமருந்து வைத்திய நிபுணர். எம்மிடம் தமிழ் படித்த காலத்திற் புணர்ச்சி விதிகளோடு பெரிதும் மல்லாடியவர். பழுது இதயத்தில் இருக்க, வினா தொண்டையைப் பற்றியதாய் இருந்தமை எமக்கு வியப்பளித்தது. "ஏன் தம்பி?" என்றோம். அவர் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து விளக்கலானார்.

சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் எம் இதயத்தின் இருகூர் வால்வைச் சிதைத்திருந்தது. இடது இதயவறை சுருங்கும்போது பெருநாடிக்குச் செல்லவேண்டிய குருதியில் ஒரு பங்கு பின்னோக்கிச் சோணையறையுட் கசிந்தது. படியேறினால் மூச்சு வாங்கும். வகுப்பில் ஒரு விருத்தத்தை இடைநிறுத்தாது படித்துக் காட்டவும் இயலாதாயிற்று. தமிழாசிரியனுக்கு அதனினும் பெரிய இழப்பு வேறென்ன? வால்வைச் செப்பனிடுவதென முடிவாயிற்று.

செப்பனிடுவோர் கைவைக்கும்போது இதயம் நின்றிருக்கும். குருதியோட்டத்தை இதயநுரையீரல் இயந்திரம் ஏற்றுக்கொள்ள, வெறுமையாய்க் கிடக்கும் இதயத்தைத் திறந்து தைக்கின்றனர். நீர் செலுத்திச் சோதிப்பதும் உண்டாம். ஆயினும் துடிக்கும் இதயத்தின் அழுத்தத்தை அவ்வேலை தாங்குமோ என்பது, அது மீண்டும் துடித்த பின்னரே தெரியும். அப்பொழுதோ இதயம் தைத்து மூடப்பட்டிருக்கும்; உள்ளே கண்ணாற் காண வழியில்லை.

தொண்டையைக் கேட்டதன் காரணம் இதுவே. வாயிலிருந்து இரைப்பைக்கு உணவைக் கொண்டுசெல்லும் களம் இடது சோணையறையின் பின்புறத்தை ஒட்டியே இறங்குகின்றது. நடுவே என்புமில்லை, காற்று நிறைந்த நுரையீரலுமில்லை; இவ்விரண்டுமே ஒலியைத் தடுப்பன. நோயாளி மயங்கியபின், நுனியிற் கழியொலிக் கருவி பொருத்திய வளையுங் குழாயை வாய்வழியே களத்துள் இறக்குகின்றனர். மனிதர் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற் கேளாது. இக்கருவி எழுப்புவதோ ஏறக்குறைய 50 இலட்சம். வால்விற் பட்டு மீளும் எதிரொலி திரையில் அசையும் படமாகின்றது. சத்திரவைத்தியர் முன்புறம் வேலைசெய்ய, அவர் கைக்கு இடையூறின்றிப் பின்புறமிருந்து இதயத்தைப் பார்த்தல் கூடும்.

இம்முறை பிறந்த கதையைப் பின்னர் தேடிப் படித்தோம். சுவீடனில் லுண்ட் நகர வைத்தியர் எட்லர், நோயாளியைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்புமுன் இருகூர் வால்வு ஒடுங்கியதோ கசிவதோ என்று அறிய வழி தேடினார். பௌதிகவியலாளர் ஹேர்ட்ஸ், மால்மோக் கப்பற்றளத்திற் கழியொலியால் உலோகத்தின் உள்வெடிப்பைத் தேடும் கருவியை அறிந்திருந்தார். கப்பற்றகட்டுக்கு உதவுவது இதயத்துக்கு உதவாதோ? இரவல் வாங்கிய கருவியொன்றைக் கொண்டு இருவரும் 1953 ஒக்ரோபர் 29 இல் துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிந்தனர். இதயநுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு கிபன் என்பார் பிலடெல்பியாவில் முதல் வெற்றி கண்டதும் அதே ஆண்டு மே 6 இல். களத்தின் வழியே எதிரொலி பெறும் முயற்சி 1976 இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. வளையுங் குழாய் 1980களின் தொடக்கத்தில் ஹம்பேக்கிற் செம்மையுற்றது.

மறுநாள் நடந்ததை யாம் அறியோம். ஐந்தாம் நாள் அம்மாணவர் படங்களைக் கொண்டுவந்து காட்டினார்.

"பாருங்கோ சேர், முதல் தைச்ச உடனை எடுத்தது. இன்னும் கசியுது."

வால்வின் ஓரத்தில், பலநிறங் கலந்த சிறு பீறலொன்று ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னோக்கிப் பாய்ந்தது. அவர் அதனைச் சொல்ல, சத்திரவைத்தியரும் திரையைப் பார்த்து, இதயத்தை மீண்டும் நிறுத்தித் திறந்தாராம். நெஞ்சை மூடி எம்மை எழுப்பியபின் அது தெரியவந்திருப்பின், பிறிதொரு நாள் மீண்டும் மேசையிற் கிடந்திருப்போம். இரண்டாம் படத்தில் வெண்பொறிகள் சில மிதந்தன. உள்ளே அகப்பட்ட காற்றுக் குமிழ்களாம். மூளைக்குச் சென்றால் ஆபத்தென்று, அவை நீங்கும்வரை பார்த்திருந்தாராம். மூன்றாம் படத்திற் பொறியுமில்லை, பீறலுமில்லை. வால்வு மூடியது, திறந்தது, மூடியது. அதனை மும்முறை காட்டச் சொல்லிப் பார்த்தோம்.

நான்கு மணித்தியாலம் என்று சொல்லப்பட்ட வேலை அன்று ஆறு மணித்தியாலமாயிற்று. எம் மனைவியார் வெளியே வாங்கில் இருந்தார். தாமதம் ஏனென்று கேட்க அஞ்சி, ஒருவரிடமும் கேளாமலே இருந்தாராம். பின்னரும் எம்மிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. படங்களைக் கண்ட அன்று மாலை, குழாய் பட்டுக் கரகரத்த குரலில், அவ்விரண்டு மணித்தியாலமும் எங்கே போயின என்பதை அவர்க்குச் சொன்னோம்.