புல்லட் போனது, ஸ்பிளெண்டர் வந்தது... கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஒரு தம்பதி!

கொல்லிமலை அடிவாரம், காரவள்ளி. தை மாதக் காலை, மணி ஏழுகூட ஆகவில்லை. டீக்கடை வாசலில் நிற்கும் கறுப்பு ஸ்பிளெண்டரை ஒருமுறை சுற்றி வருகிறார் அந்த அம்மா. பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். பின்சீட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார்.

``காத்தெல்லாம் நேத்தே புடிச்சாச்சு அம்மிணி'' என்கிறார் கணவர், டீயை ஆற்றியபடி.

``நான் ஒண்ணுமே சொல்லலீங்களே.''

உண்மைதான். ஒன்றரை வருடமாகவே இந்த மலையைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அதுதான் பிரச்னையே.

கணவருக்கு 61 வயது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்து, இப்போது மருமகனிடம் ஒப்படைத்துவிட்டவர். பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இரண்டு சக்கரத்தில் புல்லட்டைத் தவிர வேறெதுவும் வண்டியாகவே தெரியவில்லை. 1989-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது முதல் புல்லட். 1991-ல் கல்யாணம். ராசிபுரத்திலிருந்து மனைவியை மறுவீட்டுக்கு அழைத்து வந்ததும் அதில்தான். 2014-ல் இரண்டாவது புல்லட்.

புல்லட்டை தமிழ்நாட்டு வண்டி என்றே சொல்லிவிடலாம். 1955-ல் இங்கிலாந்து கம்பெனியோடு கைகோத்து சென்னையில் தொடங்கப்பட்டது என்ஃபீல்டு இந்தியா. அங்கே தாய்க் கம்பெனி மூடிய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் உருவாவது நிற்கவில்லை. அந்த `டப் டப்' சத்தத்தை வைத்தே ``பட்டறைக்காரர் வர்றாரு'' என்று தெருமுனையில் அடையாளம் சொல்வார்களாம்.

வருடா வருடம் ஆடியில் இந்தத் தம்பதி கொல்லிமலைக்குப் போவது வழக்கம். கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரிக்கு ஆடிப்பெருக்கை ஒட்டி செம்மேட்டில் அரசு விழா நடக்கும். அதைப் பார்த்துவிட்டு, அறப்பளீஸ்வரர் கோயிலில் ஒரு அர்ச்சனை. `கார் இருக்குமே, அதில் போகலாமே?' என்று கேட்பவர்களுக்கு: கார் இருக்கிறது. ஆனால், அந்த அம்மாவுக்கு மலைப்பாதையில் கார் ஆகாது. பஸ்ஸும் ஆகாது. பத்தாவது வளைவுக்குள் வாந்தி வந்துவிடும். காற்றில் உட்கார்ந்து போனால் மட்டும் எழுபது வளைவும் தாங்கும். ஆக, டூ வீலர் இல்லையென்றால் கொல்லிமலை இல்லை.

பாதையைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக காரவள்ளி வரை சாதாரண ரோடுதான். அங்கிருந்து சோளக்காடு ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேப்பில் பார்த்தால் இடியாப்பம் பிழிந்து வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. பின்சீட்டில் உட்கார்ந்து அந்த நம்பர்களைச் சத்தமாக எண்ணுவது அந்த அம்மாவின் வேலை. ``பதினொண்ணு... பன்னெண்டு...'' என்று காதோரம் கேட்டுக்கொண்டே இருக்கும். முப்பது வருடப் பழக்கம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடி. 43-வது வளைவு.

விழாக் கூட்டத்தோடு மேலிருந்து ஒரு பஸ் இறங்கியது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால், கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ் திரும்ப மொத்த ரோடும் வேண்டும். விதி பேசி என்ன பயன்? வளைவின் உட்பக்கத்திலேயே இவர் நின்றார். அங்கே ரோடு உள்பக்கமாகச் சரிந்திருக்கும். இடதுகாலை ஊன்றப் போனால், தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நாலு விரற்கடை கீழே இருந்தது. ஏற்கெனவே தேய்ந்த முழங்கால். வண்டி சாயத் தொடங்கியது. கொஞ்சம் சாயும்வரை பிடிக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் அந்தக் கனத்தை யாராலும் பிடிக்க முடியாது. புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தவரின் கணுக்கால் அடியில் மாட்டிக்கொண்டது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலு பேர் சேர்ந்துதான் வண்டியைத் தூக்கினார்கள். எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

``பஸ் டிரைவர் மேல தப்பில்லைங்க. வண்டி மேலயும் தப்பில்ல. நிக்கக் கூடாத எடத்துல நின்னேன், கால் பத்தல. அவ்வளவுதான்'' என்கிறார்.

கட்டு பிரித்த பிறகு அந்த அம்மா நடந்தார், கடைக்குப் போனார், எல்லாம் செய்தார். புல்லட்டில் மட்டும் ஏறவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். ``இல்லீங்க, நீங்க போய்ட்டு வாங்க'' என்று சிரித்த முகமாகச் சொல்பவரிடம் என்ன சொல்வது? அடுத்த ஆடி வந்தது. கொல்லிமலைப் பேச்சே எடுக்காமல் அந்த மாதம் கடந்து போனது. அது முடிந்த வாரத்தில் புல்லட்டை விலை பேசிவிட்டார். திருச்செங்கோட்டுப் பையன் ஒருவன் வந்து ஓட்டிப் பார்த்து, கையோடு எடுத்துப் போனான். சத்தம் தேயும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தவர், அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்று காரணமே இல்லாமல் சண்டை போட்டதாக அந்த அம்மா சொல்கிறார்.

எடைக் கணக்கைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இன்று விற்கும் புல்லட் 350-ன் எடை 195 கிலோ. பட்டறைக்காரரிடம் இருந்தது பழைய மாடல் என்றாலும் கிட்டத்தட்ட அதே கனம்தான். ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. வித்தியாசம் 83 கிலோ. ஒன்றரை மூட்டை சிமென்ட்டுக்கும் மேல்! ஓடும்போது இந்தக் கனம் தெரியாது. சொல்லப்போனால் அது சுகம். நிற்கும்போதும், திருப்பும்போதும், ஸ்டாண்ட் போடும்போதும்தான் கேள்வி கேட்கும். நாற்பது வயதில் கேட்காத கேள்வியை அறுபதில் கேட்கும்.

மகன் பெங்களூரிலிருந்து ஸ்கூட்டர் வாங்கச் சொன்னான். இவர் சம்மதிக்கவில்லை. பிடிவாதம் என்று தோன்றலாம், ஆனால் மலைக்கு அது நியாயம். இறக்கத்தில் கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடி குறைவு. பிரேக்கையே நம்பி எழுபது வளைவு இறங்க வேண்டும்.

தெருவில் பேச்சு வராமல் இருக்குமா? ``ஏனுங்ணா, பெட்ரோல் வெல கட்டுபடி ஆகலீங்களா?'' என்றார் ஒருவர். ``பால் ஊத்தப் போறீங்களா?'' என்றார் இன்னொருவர். சிரித்து மழுப்பியிருக்கிறார். ஆனால், அவரைத் திணறடித்தது பேச்சு அல்ல, கியர்.

1989-ல் வாங்கிய முதல் புல்லட்டில் கியர் வலதுகாலில், பிரேக் இடதுகாலில். இரண்டாவது புல்லட்டில் அப்படியே தலைகீழ்: கியர் இடதுகாலுக்கு வந்துவிட்டது, முன்பக்கம் மிதித்தால் கியர் குறையும். ஸ்பிளெண்டரிலும் கியர் இடதுகால்தான், ஆனால் முன்பக்கம் மிதித்தால் கியர் கூடும்! மேட்டில் கியரைக் குறைக்க நினைத்து மிதிப்பார். கியர் ஏறி, வண்டி உதறி நின்றுவிடும். வாங்கிய முதல் வாரத்தில் சேந்தமங்கலம் ரோட்டு மேட்டில் இரண்டு முறை இப்படி நின்றிருக்கிறார், பின்னால் வந்த டெம்போக்காரர் ஹாரனை அடிக்க அடிக்க. அதன் பிறகு தினமும் விடிகாலையில் மோகனூர் ரோட்டில் காவிரிக்கரை வரை போய்த் திரும்பி, காலுக்குப் புதுக்கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் ஆனதாம். பெரிய வண்டி ஓட்டியவருக்குச் சின்ன வண்டி ஜுஜுபி என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க.

குறைகளையும் அவர் மறைக்கவில்லை. கரூர் பைபாஸில் லாரி ஒன்று வேகமாகத் தாண்டினால் காற்று வண்டியை ஓரமாகத் தள்ளுகிறது. புல்லட் இதற்கெல்லாம் அசையாது. அறுபதைத் தாண்டினால் கைப்பிடியில் நடுக்கம். ``ஹைவேல போற சொகம் போச்சுங்க. அது போனது போனதுதான்.''

மூன்று மாதமும் மோகனூர் போய் வந்ததை அந்த அம்மா வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், கோலம் போட்டுக்கொண்டே, ``மலைக்கு எப்பப் போலாமுங்க?'' என்று கேட்டார். தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லையாம்.

இதோ, காரவள்ளி. டீக்குக் காசு கொடுத்தாயிற்று. இருவரும் ஹெல்மெட் மாட்டியாயிற்று. இந்த முறை அந்த அம்மா சுடிதார் அணிந்து, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறார். மகள் வாங்கிக்கொடுத்ததாம். ஒருபக்கமாக உட்காருவதைவிட வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் இதுதான் நல்லது.

முதல் வளைவு. இரண்டாவது. செகண்ட் கியரில் முனகிக்கொண்டே ஏறுகிறது ஸ்பிளெண்டர். 97 சிசி இன்ஜினுக்கு இரண்டு பேரோடு இந்த மலை சுலபம் இல்லை. வளைவுக்கு வளைவு ஃபர்ஸ்ட் கியர் கேட்கிறது. மூங்கில் புதர்களும் பாறைகளும் மெதுவாகப் பின்னால் போகின்றன. புல்லட்டில் வந்த காலத்தில் இன்ஜின் சத்தத்தில் கேட்காத பறவைச் சத்தம் இப்போது கேட்கிறது. கீழே வயல்கள் சதுரம் சதுரமாகச் சுருங்குகின்றன. ஒரு டி.வி.எஸ் எக்ஸ்.எல் எந்தப் பதற்றமும் இல்லாமல் எதிரே இறங்குகிறது. முன்னால் இரண்டு வாழைத்தார், பின்னால் மூன்று. மலைக்காரர்களுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும்.

பின்சீட்டில் சத்தமே இல்லை. இருபது, முப்பது, நாற்பது எல்லாம் பலகையில் மட்டும் வருகின்றன. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

நாற்பத்து மூன்று நெருங்கும்போது மேலே ஹாரன் சத்தம். பஸ்தான். விழா இல்லாத நாளிலும் பஸ் வரத்தானே செய்யும்? இந்த முறை அவர் வளைவுக்குள் போகவில்லை. பத்தடி முன்னாலேயே, ரோடு சமமாக இருக்கும் இடத்தில் ஓரம்கட்டி நிற்கிறார். இரண்டு பாதங்களும் தரையில் முழுசாகப் பதிகின்றன. பஸ் மூச்சு வாங்கி, திரும்பி, இறங்கிப் போகிறது. டிரைவர் கையைத் தூக்கி நன்றி காட்டுகிறார். ஃபர்ஸ்ட் கியர். வண்டி ஒருமுறை தயங்கி, நகர்ந்து, வளைவைத் தாண்டுகிறது. அடுத்த பலகை தெரிகிறது.

``நாப்பத்தி நாலு'' என்கிறது பின்சீட்டுக் குரல்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மலைப்பாதையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆனால், எழுபது வரை ஒரு நம்பரும் விட்டுப்போகவில்லை.

மேலே ஏறிவிட்டால் குளிர் முகத்தில் அறைகிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம்; நாமக்கல் வெயில் இங்கே செல்லாது. சோளக்காட்டில் மிளகும் மலை வாழைப்பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். வழியில் ஒரு கடையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சுத்த சைவம். பாறை இடுக்கில் விளையும் இந்தக் கிழங்கு, பார்க்க ரோமம் மூடிய ஆட்டுக்கால் மாதிரி இருக்கும். மூட்டுவலிக்கு நல்லது என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. ``ரெண்டா குடிங்க, ரெண்டு முட்டிக்கும் ஆகட்டும்'' என்கிறார் மனைவி. அவர் இரண்டாகவே குடிக்கிறார்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் இல்லை. ஆடியில் வந்தால் அரை மணி நேரம் நிற்க வேண்டிய சந்நிதியில், இன்று ஐயரே பேர், நட்சத்திரம் எல்லாம் நிதானமாகக் கேட்டு அர்ச்சனை செய்கிறார். பக்கத்தில்தான் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள். ஆயிரத்துக்கும் மேல். இருவரும் முதல் படியில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். அருவி தெரியவில்லை, சத்தமாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அந்தப் படிகளுக்கு எந்த வண்டியும் உதவாது. வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

இறங்கும்போது செகண்ட் கியரிலேயே விட்டுவிடுகிறார். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவதோடு சரி. எண்ணிக்கை இப்போது தலைகீழாக வருகிறது. ``முப்பத்தொம்பது... முப்பத்தெட்டு...'' இடையில் ஊர்க்கதை, மகளின் மாமியார் கதை, வெங்காய விலை. எண்ணிக்கை ஓரிடத்தில் தப்பிப்போக, பலகையைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்.

காரவள்ளியில் மறுபடியும் அதே டீக்கடை. வாசலில் மூன்று பெரிய பைக்குகள், பக்கவாட்டில் பெட்டிகள், ஜாக்கெட் போட்ட பையன்கள். அதில் ஒன்று புல்லட். பட்டறைக்காரர் அதன் டேங்க்கை ஒருமுறை கையால் தடவிப் பார்க்கிறார்.

``அங்கிள், மேல ரோடு எப்படி?'' என்கிறான் ஒரு பையன்.

``ரோடு நல்லாத்தான் இருக்குது கண்ணு. பஸ் சத்தம் கேட்டா மட்டும் வளைவுக்குள்ள போயிராதீங்க. முன்னாடியே, சமமா இருக்கற எடமாப் பாத்து நின்னுக்கோங்க.''

``குறிப்பா நாப்பத்தி மூணுல'' என்கிறார் அந்த அம்மா, ஹெல்மெட்டைக் கழற்றியபடி.