காஞ்சியைக் கலாய்த்த ராஜா!

காஞ்சிபுரம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அக்கா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போய், காந்தி ரோட்டுக் கடையில மணிக்கணக்கா உட்கார்ந்து கால் மரத்துப்போனது. அப்புறம் கோயில் இட்லி. அவ்வளவுதானே? அடுத்த தடவை, வீட்டுல பார்டர் செலக்ட் பண்ற கேப்புல நைஸா வெளியே வந்துடுங்க. இதே ஊர்த் தெருக்கள்ல நடக்கிற ஒரு செம காமெடி இருக்கு. வயசு 1,400 வருஷம்!

எழுதினவர் பல்லவ ராஜா முதலாம் மகேந்திரவர்மன். பேரு 'மத்தவிலாசப் பிரகசனம்'. வசனமும் செய்யுளும் கலந்த சமஸ்கிருத நாடகம். ஹீரோ சத்தியசோமன் ஒரு காபாலிகச் சாமியார். ஜோடி தேவசோமா. ரெண்டு பேரும் ஃபுல் மப்பு. சாராயக்கடையைப் பார்த்து, 'அட, யாகசாலை மாதிரியே இருக்கே'ன்னு உருகுறார் சாமி. அந்தக் குஷியில, பிச்சை எடுக்கிற கபாலத்தைக் காணோம். உள்ளே வறுத்த கறி வேற! எடுத்தது நாயா, புத்த பிக்குவா?

ராஜவிகாரத்துக்குப் போய்க்கிட்டிருந்த பிக்கு நாகசேனன் வசமா மாட்டுறார். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 'நல்ல சாப்பாடு, மெத்தை எல்லாம் அனுமதிச்ச புத்தர், கள்ளையும் பெண்ணையும் மட்டும் வேணாம்னா சொல்லியிருப்பார்? பொறாமை புடிச்ச கிழட்டு பிக்குகதான் அதை ஏட்டுலேர்ந்து தூக்கிட்டாங்க'ன்னு புலம்பிக்கிட்டே வர்ற பார்ட்டி!

சண்டை முத்துது. பஞ்சாயத்து பண்ண வந்த பாசுபதராலயும் தீர்க்க முடியலை. கோர்ட்டுக்குப் போங்கன்னு பேச்சு வருது. அப்ப தேவசோமா ஒரு போடு போடுறா பாருங்க: 'இவன்கிட்ட பல விகாரத்துச் சொத்து இருக்கு, கோர்ட் ஆளுங்க வாயை அடைச்சிடுவான். நம்மகிட்ட என்ன இருக்கு?'

அந்தக் கோர்ட் யாரோடது? நாடகம் எழுதின ராஜாவோடது! உங்க கல்ச்சுரல்ஸ்ல கேன்டீன் சாம்பாரைக் கிண்டல் பண்ணவே ஸ்கிரிப்டைக் காட்டி கையெழுத்து வாங்கணும். இங்கே பிரின்சிபாலே ஆபீஸ் லஞ்சத்தைப் பத்தி ஸ்கிட் எழுதின கதை. ஒரே ஒரு நெருடல். சாமியார்கள், அதிகாரிகள்னு அத்தனை பேருக்கும் அடி விழுது. ராஜாவுக்கு மட்டும் ஆரம்பத்துலேயே புகழ்மாலை. தன் மேல கல் விழாம பார்த்துக்கிட்டார் மனுஷன்! (கபாலம் என்னாச்சுன்னு கேட்குறீங்களா? நாய்தான் திருடன். அதுகிட்டேருந்து பிடுங்கி வெச்சிருந்தவன் ஒரு பைத்தியக்காரன்.)

ராஜா தொடாத இடத்தையும் தொட்டவர், 15-ம் நூற்றாண்டுக் கவி காளமேகம். சின்ன காஞ்சிபுரத்துல வரதராஜப் பெருமாளோட கருட சேவையைப் பார்த்துட்டு, 'ஐயோ, பெருமாளைப் பருந்து தூக்கிட்டுப் போகுதே'ன்னு பாடினாராம். ஆண்டவனையே ஓட்டியாச்சு, வேற யார் பாக்கி? அதே ஊர்க்காரரான அண்ணா, 1942-ல காஞ்சியிலேருந்து 'திராவிட நாடு' வார இதழை ஆரம்பிச்சு, ஆட்சியில இருந்தவங்களை வாராவாரம் குத்தினார். அவர் வீடு இப்ப நினைவு இல்லம். போய்ப் பார்க்கலாம்.

இன்னும் நேரம் இருந்தா வந்தவாசி ரோட்டுல மாமண்டூர் போங்க. அங்கே குடைவரையில சிதைஞ்சுபோன கல்வெட்டு ஒண்ணுல 'மத்தவிலாசம்'ங்கிற பேர் இருக்கு. நாடகத்தை மேடையில பார்க்கணும்னாதான் வட கேரளாவுக்கு ரயில் ஏறணும். அங்கே சில கோயில்கள்ல சாக்கியர்கள் அதை வழிபாடாவே நடத்துறாங்க!