என் வீடு, என் பூட்டு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்பர் நம் முன்னோர். கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்றும் இன்று சேர்த்துக்கொள்ளலாம் போலும்!

பங்குப்பணியில் இவ்வழக்கை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். கைம்பெண் ஒருவர், கணவர் விட்டுச்சென்ற வீட்டின் மாடி வாடகையே அவரது அடுப்பை எரியவைக்கிறது. குடியிருப்பவரோ ஐந்து மாதமாக ஒரு காசும் தரவில்லை. "சாமி, ஆள் வைத்துப் பூட்டுப் போட்டுவிடட்டுமா? என் வீடுதானே?" என்று கேட்டார் அவர். அந்தக் கேள்வியில் இருந்தது பேராசையன்று, பசி.

வீடு அவருடையதே. எனினும் உடைமை வேறு, அனுபோகம் வேறு. சாவியைக் கொடுத்த நாளிலேயே அனுபோகத்தையும் குடியிருப்பவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அதைச் சட்ட வழியிலேயே மீட்க வேண்டும். முறையின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்திற்குள் வழக்கிட்டால், வீடு யாருடையது என்ற விசாரணையின்றியே மீண்டும் உள்ளே வர 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் இடமளிக்கிறது. பூட்டுப் போட்டவரே வழக்கில் தோற்கும் விந்தை இப்படித்தான் நேர்கிறது.

தமிழகத்தில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2017-இல் இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும் என்பது அதன் விதி. இரண்டு மாத வாடகை நிலுவையானால் உரிமையாளர் அறிவிப்பு அனுப்பலாம். ஒரு மாதத்திற்குள் பணம் வராவிடில் வாடகை நீதிமன்றத்தை நாடலாம். தமக்கே வீடு தேவைப்படினும் மனுச் செய்யலாம். ஆனால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஒருவரை விரட்டும் உரிமை அவருக்கு இல்லை.

"தீர்ப்பு வரும்வரை நான் எதைச் சாப்பிடுவது?" என்று அந்தத் தாய் கேட்டால் சட்ட நூலில் விடை இல்லை. சட்டத்தின் நிதானம் ஏழை உரிமையாளருக்குப் பட்டினியாக முடிவதும் உண்டு. கொடுக்க வசதியிருந்தும் சட்டத்தின் மறைவில் ஒளிந்துகொள்ளும் குடியிருப்பாளர், பிறர் சோற்றையன்றோ உண்கிறார்!

ஆயினும் பூட்டுக்கு நாம் இணங்க முடியாது. ஆள்பலத்தால் ஒரு கதவைப் பூட்டலாம் என்றாகிவிட்டால், அதிக ஆள்பலம் உள்ளவன் நாளை அந்தக் கைம்பெண்ணின் கதவையே பூட்டுவான். அவரது கையைத் தடுக்கும் அதே வேலிதான் அவரது வீட்டையும் காக்கிறது. அரசே ஆயினும், சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறிக்கலாகாது என்று அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு கூறுவதும் இதனாலன்றோ?

எனவே, வீடு உள்ளோர் வாய்ப்பேச்சை நம்பாமல் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வார்களாக. குடியிருப்போர் மாதந்தோறும் வாடகையைத் தந்து ரசீது பெறுவார்களாக. நம்மிடையே உள்ள வழக்கறிஞர்கள், கட்டணம் கொடுக்க இயலாத ஒரு தாய்க்காக ஓர் அறிவிப்பேனும் எழுதித் தருவார்களாக. சட்டத்தின் வழி நீண்டதுதான். அவ்வழியில் அவரைத் தனியே நடக்கவிடாதிருப்பது நம் கடமை.