அன்பும் கூலியும்

கடவுள் அன்பே உருவானவர் என்று கிறிஸ்தவர்கள் கூறுகின்றனர். அவ்வன்பை நம்பி வாழ்வதே வாழ்வின் சாரம் என்றும் கூறுகின்றனர். அங்ஙனம் கூறுவோருள் நானும் ஒருவன். ரவாங்கிலிருந்து செரண்டாவுக்குச் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய சுங்கை சோ வட்டாரத்தில், ஒரு தோட்டத்திலே கிராணி உத்தியோகம் பார்த்து வருபவன். என் தோழர்களிற் பலர் சீர்திருத்தக் கொள்கையினர். கோயிலும் வேண்டாம், குருமாரும் வேண்டாம் என்பவர். அவர்கள் என்னை நோக்கி அடிக்கடி விடுக்கும் வினா ஒன்றுண்டு. "கிராணியாரே, அன்புள்ள ஆண்டவர் ஒருவர் இருந்தால், சயாமுக்கு ரயில் பாதை போடப் போன நம் ஜனங்களை அவர் ஏன் திரும்பிப் பாராமற் போனார்?" என்பதே அது.

'அவர் சித்தம் நமக்கு எப்படித் தெரியும்?' என்று சொல்லி நழுவிவிடும் உபதேசியார் உண்டு. எனக்கு அவ்வழி உவப்பானதன்று. கேள்வி நியாயமான கேள்வி. அதனை முழு அளவிலே நிறுத்திப் பார்த்த பின்னரே விசுவாசத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை பிறக்கும்.

1942-ஆம் ஆண்டின் நடுவில், சயாமிலுள்ள பான் போங் முதல் பர்மாவிலுள்ள தன்பியூசயாட் வரை, 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப் பாதையை ஜப்பானியர் தொடங்கினர். 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டனர். மலையும் மூங்கிற்காடும் ஓயாத மழையுமாய்க் கிடந்த நிலத்தில் அத்தனை விரைவிலே வேலை முடிந்த விதம் யாது? மனித உயிரைச் செலவிட்டு முடித்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்த தமிழரை முதலில் கூலி தருவதாக ஆசை காட்டி அழைத்தனர். பின்னர்ப் பிடித்தே கொண்டுபோயினர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டன. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரிலே மாண்டவர் தொகை அதனினும் பன்மடங்கு. எனினும் அதனை இன்னதென்று திட்டமாக எழுதி வைத்தவர் எவருமிலர். காஞ்சனபுரியிலுள்ள போர்க்கைதிகளின் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. நம்மவருள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் ஒன்றேனும் இல்லை. பெயர் எழுதிப் பிழைக்கின்ற எனக்கு, மற்ற கொடுமைகளைக் காட்டிலும் இதுவே அதிகமாக உறுத்துகிறது.

என் பாட்டியின் தகப்பனார் அவ்வாறு போய் மீளாதவர்களுள் ஒருவர். அவருடைய மனைவி, அதாவது என் பாட்டியின் தாயார், அவருக்குப் பின் நாற்பது ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். இறந்த நாள் தெரியாது. புதைத்த இடமும் தெரியாது. ஆகவே நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளிலே, மற்றவர் தத்தம் உறவினர் குழிகளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அவர் மயானத்தின் நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் ஒன்றை ஏற்றிவிட்டு வருவாராம். 'இத்தனை செய்த ஆண்டவரையா இன்னும் கும்பிடுகிறாய்?' என்று அண்டை வீட்டார் ஒருமுறை கேட்டதற்கு, "அவரிடம் நான் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அவரையும் விட்டுவிட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பேன்?" என்றாராம்.

எழுத்தறியாத அவ்வம்மையாரின் சொல்லுக்கு மேலான வேத வியாக்கியானம் ஒன்றை நான் கற்ற ஆங்கில நூல்களிற் கண்டதில்லை. நடந்தது நன்மைக்கே என்று அவர் சொல்லவில்லை. துன்பத்துக்குக் காரணமும் கற்பிக்கவில்லை. தம் வழக்கைக் கேட்க ஒருவர் உண்டு என்பதையும், அவர் தம்மை நேசிப்பவர் என்பதையும் மட்டும் விடாமற் பிடித்துக்கொண்டார். நேசியாதவரிடம் எவரும் உரிமையோடு சண்டையிடார் அல்லவா?

இதற்கு நேர்மாறான நம்பிக்கை ஒன்று நம்மிடையே மலிந்திருக்கின்றது. ஜெபித்தால் நோய் தீரும், காணிக்கை இட்டால் உத்தியோகம் உயரும் என்று மேடைதோறும் பேசுகின்றனர். இது அன்பின்மேல் வைத்த நம்பிக்கையன்று, இன்ஷூரன்ஸ். நேர்த்திக்கடனை வியாபாரம் என்று நையாண்டி செய்யும் கிறிஸ்தவரே இதையும் செய்வதுதான் வேடிக்கை.

நிற்க. கடவுளின் அன்பை நம்புகிறவன் அநீதிக்கு முன் கைகட்டி நிற்பான் என்பது தோழர்களின் இரண்டாவது குற்றச்சாட்டு. இதற்கு விடையாக நான் காட்டும் மனிதர் சி. எப். ஆண்டுரூஸ். 1871-இல் இங்கிலாந்திற் பிறந்து, 1904-இல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த பாதிரியார் அவர். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியவுடன் காந்தியடிகளின் பாதத்தைத் தொட்டு வணங்கினார். வெள்ளையர் சீறினர். அந்நகரிலேதான் முதுகில் அடிபட்ட காயத்துடன் ஓடிவந்த தமிழ் ஒப்பந்தக் கூலி ஒருவரை அவர் கண்டார். பிற்பாடு அக்கூலியின் முகம் கிறிஸ்துவின் முகமாகவே தமக்குத் தோன்றியதென அவர் எழுதியிருக்கின்றார். தோற்றம் கண்டு கண்ணீர் விட்டதோடு அவர் நிற்கவில்லை. 1915-இல் நண்பர் பியர்சனுடன் பிஜித் தீவுக்குச் சென்று, கூலி லயங்களை நேரிற் கண்டு, அறிக்கை எழுதினார். 1917-இல் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றுவது நின்றது; 1920 ஜனவரி முதல் நாள் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. அவரொருவரால் நிகழ்ந்ததன்று, ஆயினும் அவருடைய பங்கு பெரிது. கூலியின் முதுகிலுள்ள தழும்பில் தன் ஆண்டவரைக் கண்டவன் கைகட்டி நிற்பது எங்ஙனம்?

ஆயினும் தோழர்களின் குற்றச்சாட்டு முழுவதும் பொய்யன்று. 1941-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை, நம் சிலாங்கூரிலே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் மாண்டனர். அவர்கள் கேட்டவை கூலி உயர்வு, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு முதலியன. அவற்றோடு ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. கூலிக்காக மட்டுமா போராடினர்? சைக்கிளின்மேல் அமர்ந்தபடியே போகும் உரிமைக்காகவும் போராடினர். அந்நாளையக் கிராணிமாருள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குச் சென்ற கிறிஸ்தவரும் இருந்தனர். தங்களைக் கடவுள் நேசிக்கிறார் என்று பாடிவிட்டு வந்து, திங்கட்கிழமை ஒருவனைச் சைக்கிளிலிருந்து இறக்கியவர்களின் உத்தியோகமே இன்று என்னுடையது. நாற்காலி ஒன்றே. செக்ரோல் இப்பொழுது கணினியில் ஏறிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பெரட்டில் நிற்பவருள் வங்கதேசத்தவரும் இந்தோனேசியரும் மிகுந்துவிட்டனர். நாற்காலி மட்டும் மாறவில்லை.

அவர்கள் கேட்டிருக்கவேண்டிய உவமை ஒன்று மத்தேயுவின் சுவிசேஷத்தில் 20-ஆம் அதிகாரத்தில் உள்ளது. திராட்சத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஒரு நாட்கூலி பேசி ஆளெடுக்கிறார். ஒன்பது மணிக்கும், உச்சியிலும், மூன்று மணிக்கும் மேலும் ஆளெடுக்கிறார். மாலை ஐந்து மணிக்குச் சந்தையிற் சிலர் சும்மா நிற்கின்றனர். ஒருவரும் தங்களை அழைக்கவில்லை என்கின்றனர். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் காரியக்காரனை அழைத்து, கடைசியில் வந்தவர் தொடங்கி எல்லார்க்கும் ஒரே கூலி கொடுக்கச் சொல்கிறார்.

உவமையைப் பிரசங்கிப்போர் அக்காரியக்காரனைக் கவனிப்பதில்லை. நான் அவனையே பார்க்கிறேன். அவன் என் இனத்தான். ஐந்து மணிக்கு வந்தவனுக்கு முழுநாட் கூலி எழுத நேர்ந்தபோது அவன் கை கூசாமல் இருந்திருக்குமா? நான் அவ்வாறு எழுதினால் மறுநாள் தோட்டமே அலுவலக வாசலில் நிற்கும். ஆயினும், ஐந்து மணிக்கு வந்தவன் வீட்டு உலைக்கும் அதே அளவு அரிசிதான் வேண்டும் என்பதை அத்தோட்டக்காரர் அறிந்திருந்தார். அவர் மணியைக் கணக்கிடவில்லை, பசியைக் கணக்கிட்டார். கடவுளின் அன்பு என்று நான் நம்புவது இதனையே. சயாமில் உழைத்துக் கூலியும் பெயருமின்றி வீழ்ந்தவர்களுக்கு அவர் கணக்குத் தீர்க்கும் மாலை இன்னும் வரவில்லை என்று நம்புகிறேன். நிரூபிக்க என்னால் இயலாது.

முதலில் வந்தோர் முணுமுணுத்தது எதற்காக? பேசிய கூலியில் ஒரு காசும் அவர்களுக்குக் குறையவில்லை. பிந்தி வந்தவரைத் தங்களுக்குச் சமமாக்கிவிட்டார் என்பதே அவர்களின் மனக்குறை. சைக்கிளிலிருந்து இறங்காத கூலியைக் கண்டு கொதித்தவரின் மனக்குறையும் வேறன்று.

தோட்டக்காரர் அவர்களைத் தோழனே என்று அழைத்தே மறுமொழி கூறுகிறார். இயேசுநாதர் அத்துடன் கதையை நிறுத்திவிடுகிறார். அவர்கள் மறுநாட் காலையில் பெரட்டுக்கு வந்தார்களா, பிந்தி வந்தவரோடு ஒரே வரிசையில் நின்றார்களா என்பதை அவர் சொல்லவில்லை.