கொத்துக்கறியும் கடுகுத் தயிரும்

கோழிக்கடையில் நெஞ்சுக்கறியை விரும்பிக் கேட்பவர்கள் நம் பக்கம் குறைவு. "லெக் பீஸ் சேர்த்துப் போடுங்க" என்பதுதான் எங்கும் கேட்கும் குரல். நெஞ்சில் கொழுப்பு கம்மி என்பதால், குழம்பில் கொஞ்சம் கூடக் கொதித்தாலும் சக்கையாகிவிடும். கோவை பீளமேட்டில், மாணவர் விடுதிகள் நெருங்கிய ஒரு தெருவில் வீட்டிலேயே சிக்கன் பர்கர் செய்து விற்கும் அக்காவுக்கோ அந்த நெஞ்சுக்கறிதான் மூலப்பொருள். பொரிக்காத, மயோனைஸ் தடவாத பர்கர் அவருடையது. அது வறண்டு போகாமல் இருக்கும் சூட்சுமத்தைப் பார்க்க, கறி வாங்கும் இடத்திலிருந்தே அவருடன் சேர்ந்துகொண்டேன்.

கறிக்கடை அண்ணனுக்கு அளவு சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பங்கு நெஞ்சு, ஒரு பங்கு தொடை. தோலை உரித்துவிட்டாலும் தொடையில் மிஞ்சும் கொழுப்பு நெஞ்சுக்கறிக்கு ஈரம் கொடுக்கும். நெஞ்சின் உட்பகுதியில் ஓடும் வெள்ளை நரம்பை விரல் நுனியால் தேடிப் பிடித்து, கத்தி முனையை அதன்மேல் சாய்த்து ஒரே இழுப்பில் உருவிப் போடுகிறார். பிறகு புளியங்கட்டையின் மேல் இரண்டு கத்திகள் மாறி மாறி இறங்குகின்றன. மெசினில் அரைக்கலாமே என்றேன். "சூடேறிக் கூழாயிருமுங்க. கடிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார், கை நிற்காமலே. பிடி படும் இடத்தில் அவர் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

அடுத்து பேக்கரி. தேங்காய் பன் வேகும் அதே அடுப்பில்தான் பர்கர் பன்னும் வேகிறது. அக்கா முதலில் கேட்டது முழுக் கோதுமை மாவில். மாஸ்டர் ஒப்பவில்லை. கோதுமைத் தவிடு மாவின் இழுவையை அறுக்கும், பன் உப்பாது என்றார். பேசிப் பேசி மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு என்று முடிவானது. தண்ணீரைக் கூட்டி, புளிக்கவிடும் நேரத்தையும் நீட்டினார். அளவும் சிறியதுதான்.

அடுக்களையில் முதலில் உப்பு. கொத்துக்கறியில் உப்பை மட்டும் போட்டு அக்கா பிசைகிறார். உதிரியாகக் கிடந்த கறி சற்று நேரத்தில் விரலில் ஒட்டத் தொடங்குகிறது. உப்பு பட்டதும் இறைச்சியின் புரதம் கரைந்து வந்து பசையாகிறது. முட்டை இல்லாமலே கறி பிடித்துக்கொள்வது இதனால்தான். அதற்குப் பிறகே பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, மிளகு, பாலில் நனைத்த பன் தூள். இனி அதிகம் பிசையக் கூடாது, இறுகிவிடும். வேகும்போது சுருங்கும் என்பதால் பேட்டீஸைப் பன்னைவிட அகலமாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி வைக்கிறார். குழி இல்லாவிட்டால் ஓரம் முதலில் வெந்து சுருங்கி, நடு புடைத்துக்கொள்ளும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்துவிட்டுத்தான் அடுப்புக்கு வருகிறது.

அடுப்பில் இருப்பது இரும்புத் தோசைக்கல். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் துடைப்பதோடு எண்ணெயின் பங்கு முடிந்தது. மிதமான தீ. கரண்டியால் அழுத்தினால் சாறு கல்லில் ஓடிவிடும் என்பதால் புரட்டும்போது மட்டும்தான் தொடுகிறார். இறக்குமுன் சமையல் வெப்பமானியைப் பக்கவாட்டில் செருகிப் பார்க்கிறார்: 74 டிகிரி செல்சியஸ். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில் இருக்கும். கொத்தியதில் அது உள்ளேயும் கலந்துவிடும். அதனால் நடுப்பகுதி 74-ஐத் தொட்டே ஆக வேண்டும். அதைத் தாண்டி விட்டுவிட்டாலோ நெஞ்சுக்கறி மறுபடி சக்கைதான்.

சாஸ்தான் இந்தப் பர்கரின் ருசி. இரவே துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் காலையில் வெண்ணெய்ப் பதத்தில் இருக்கிறது. கடுகை வறுக்காமல் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பத்து நிமிடம் விட்டுவைக்கிறார். அந்த நேரத்தில்தான் கடுகுக்குக் காரம் ஏறும். வெந்நீரோ எலுமிச்சையோ முந்திக்கொண்டால் காரம் எழாது. பிறகு பூண்டு, துளி நாட்டுச்சர்க்கரை, கடைசியில் எலுமிச்சைச் சாறு. முதலில் புளிப்பு, பின்னால் மூக்கில் ஏறும் காரம். மயோனைஸ் முக்கால்வாசி எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டியில் 90 கலோரிக்குக் குறையாது. வடித்த தயிரில் அதைவிட வெகு குறைவு. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டபோது, பர்கர் கடைகள் பலவும் மாற்றுத் தேட வேண்டியிருந்தது. இந்த அடுக்களையில் மாற்ற எதுவும் இருக்கவில்லை.

மாலையில் விடுதிப் பையன் ஒருவன், "பொரிக்கவே இல்லையேக்கா, விலை மட்டும் ஏன் அதே?" என்று கேட்டான். "எண்ணெய்தான் கம்மி கண்ணு, வேலை கம்மியில்ல" என்று சொல்லிக்கொண்டே பன்னை வாட்டினார்.

அதுதான் கணக்கு. சாறும் மணமும் மொறுமொறுப்பும் கொடுக்கும் வேலையைக் கொழுப்பு சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அதைக் குறைத்ததும் கொத்துகிற கையும் மாவு பிசைகிற கையும் தீயைப் பார்க்கும் கண்ணும் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அக்காவின் நோட்டில் கறி, பன், தயிர், காஸ் எல்லாவற்றுக்கும் வரி இருக்கிறது. அவருடைய உழைப்புக்கு மட்டும் இல்லை. அந்த வரியையும் எழுதிக் கூட்டினால், பையன் கொடுத்த விலை குறைவுதான்.